வாடகை வீடு, ஒன்றரை வயதுக் குழந்தை: எதில் சிக்கனம் பிடிக்கலாம், எதில் கூடவே கூடாது

வியாசர்பாடியில் தரைத்தள வாடகை வீடு. ஒரு ஹால், ஒரு ரூம், சின்ன சமையலறை. கணவர், மாமியார், ஒன்றரை வயதுக் குழந்தை. கரண்ட் பில் கட்டி மாளவில்லை, கேஸ் ஒரு மாதம்கூட வருவதில்லை, காற்று திரும்பினால் கொடுங்கையூர் குப்பை மேட்டு வாடை வீட்டுக்குள் வருகிறது. "செலவும் குறையணும், குழந்தைக்கும் பயமில்லாம இருக்கணும், அந்தக் குப்பை மேட்டில் எங்க பங்கும் குறையணும், எங்கிருந்து ஆரம்பிக்கிறது?" என்று ஒரு தங்கை கேட்டிருக்கிறார்.

நான் முப்பது வருடத்துக்கு மேல் வயரிங் வேலை செய்தவன். தண்டையார்பேட்டை, ராயபுரம், காசிமேடு, வியாசர்பாடி, கொருக்குப்பேட்டை என்று நான் நுழையாத சந்து குறைவு. பார்த்ததை வைத்துச் சொல்கிறேன். நம் வீடுகளில் சிக்கனம் பிடிக்காமல் இல்லை, தப்பான இடத்தில் பிடிக்கிறோம். பத்து ரூபாய் பியூஸ் கம்பியில் மிச்சம் பிடிப்போம். மாடித் தொட்டி தினமும் கால் மணி நேரம் வழிந்து ஓடும், அது கண்ணில் படாது. எனவே முதலில் உயிர், அப்புறம் பில்.

தங்கச்சி, முதல் வேலையாக உங்கள் வீட்டு மெயின் போர்டைத் திறந்து பாருங்கள். பழைய பீங்கான் பியூஸ் இருக்கிறதா, லோடு அதிகமானால் தானாக விழும் எம்.சி.பி. ஸ்விட்ச் இருக்கிறதா? பியூஸ் இருந்தால் அதில் கட்டியிருப்பது மெல்லிய பியூஸ் கம்பியா, இல்லை வயரிலிருந்து உரித்த தாமிரக் கம்பியா என்று ஒரு எலக்ட்ரீஷியனை விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். "அடிக்கடி பியூஸ் போகுதுன்னு நானே தடிமனா கட்டிட்டேன்" என்று பெருமையாகச் சொன்னவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். பியூஸ் என்பது அறுந்து போவதற்காகவே இருக்கும் கம்பி. அது அறுந்து போகாவிட்டால் சுவருக்குள் இருக்கும் வயர் சூடேறி எரியும்.

எம்.சி.பி. இருந்தால் போதும் என்று நினைக்காதீர்கள். அது காப்பாற்றுவது வயரை. ஆளைக் காப்பாற்றுவது ஆர்.சி.சி.பி. என்கிற இன்னொரு சாமான். போகிற கரண்டும் திரும்பி வருகிற கரண்டும் சமமாக இருக்கிறதா என்று அது பார்த்துக்கொண்டே இருக்கும். நடுவில் ஒரு மனித உடம்பு வழியாகக் கொஞ்சம் தரைக்கு ஒழுகினாலும் கண்ணிமைக்கும் நேரத்தில் வெட்டிவிடும். வீட்டுக்கு 30 மில்லி ஆம்பியர் அளவு வாங்க வேண்டும். விலை இரண்டாயிரம் ரூபாய் அளவில் வரும். வாடகை வீட்டில் அதை ஏன் போட வேண்டும் என்று வீட்டுக்காரர் இழுப்பார். "பாதி நான் தர்றேன்" என்று சொல்லிப் பாருங்கள், அதற்கும் மசியவில்லை என்றால் முழுப் பணத்தையும் நீங்களே போடுங்கள், காலி பண்ணும்போது அவர் சம்மதத்தோடு கழற்றிக்கொண்டு போகலாம். தவழ்ந்து எழுந்து நடக்கும் குழந்தை உள்ள வீட்டில் இந்த ஒரு செலவை மட்டும் தள்ளிப் போடாதீர்கள். போட்ட பிறகு அதன் மேல் 'T' என்று ஒரு பொத்தான் இருக்கும். மாதம் ஒரு முறை அழுத்தினால் டக்கென்று விழ வேண்டும். விழவில்லை என்றால் சாமான் செத்துவிட்டது, மாற்றுங்கள்.

ஒழுகும் கரண்டைத் தரைக்கு இறக்கும் எர்த் வயர் விஷயம் இன்னும் மோசம். பழைய வீடுகளில் மூன்று ஓட்டை சாக்கெட் இருக்கும், மூன்றாவது ஓட்டைக்கு வயரே வந்திருக்காது. சில இடங்களில் வேலையைச் சுருக்க, கரண்ட் திரும்பிப் போகும் நியூட்ரல் வயரையே எடுத்து எர்த் முனையில் சொருகி வைத்திருப்பார்கள். அன்றைக்கு வேலை செய்யும். என்றைக்காவது நியூட்ரல் லூசானால் பிரிட்ஜின் இரும்பு உடம்பு முழுக்கக் கரண்ட் நிற்கும். ராயபுரத்தில் ஒரு வீட்டில் குழாயைத் திறந்தால் 'சுருக்' என்கிறது என்று கூப்பிட்டார்கள். கீழ் வீட்டில் ஒரு கோளாறும் இல்லை. மாடி வீட்டு வாஷிங் மெஷினிலிருந்து ஒழுகிய கரண்ட், எர்த் இல்லாததால் இரும்புக் குழாயைப் பிடித்துக்கொண்டு கீழே இறங்கியிருந்தது. அவர்கள் அதை ஒரு மாதமாக "ஈரக் கை" என்று சொல்லிக்கொண்டே குளித்திருக்கிறார்கள். ஷாக் என்று ஒரு முறை தெரிந்தால் அன்றே ஆளைக் கூப்பிடுங்கள்.

கடற்கரைப் பக்கத்து வீடுகளுக்கு இன்னொரு தொல்லை. உப்புக் காற்றில் ஸ்விட்ச் போர்டுக்குள் இருக்கும் ஸ்க்ரூ துருப்பிடித்து லூசாகும். லூசான இடம் சூடேறும், பிளாஸ்டிக் பழுப்பாகும், கருகிய வாசம் வரும். வியாசர்பாடி கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கிறது, ஆனாலும் வருடம் ஒரு முறை மெயினை அணைத்துவிட்டு எல்லா ஸ்க்ரூவையும் முறுக்கச் சொல்வது நல்லது. அரை நாள் கூலி.

அயர்ன் பாக்ஸ், வாட்டர் ஹீட்டர் ராடு, இண்டக்ஷன் அடுப்பு, இவை மூன்றையும் எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் சொருகாதீர்கள். அந்த மெல்லிய வயர் போன் சார்ஜருக்கும் டிவிக்கும்தான். ராடு என்றாலே எனக்கு வயிற்றைக் கலக்கும். தண்ணீர் சுட்டுவிட்டதா என்று விரல் விட்டுப் பார்த்து ஷாக் வாங்கியவர்கள் உண்டு. ஸ்விட்சை அணைத்து, பிளக்கைக் கையால் உருவிய பிறகுதான் பக்கெட் பக்கமே போக வேண்டும். குழந்தை குளிக்கத்தான் ராடு என்றால் அதைக் கட்டி மேலே போடுங்கள். நம் ஊர் வெயிலில் காலையில் ஒரு குடம் தண்ணீரை மூடி மொட்டை மாடியில் வைத்தால் பதினொரு மணிக்கு வெதுவெதுப்பாக இருக்கும். மாமியாருக்கு இந்த வழக்கம் தெரிந்திருக்கும், கேட்டுப் பாருங்கள். மழைக்காலத்தில் மட்டும் அடுப்பில் கொஞ்சம் சுட வைத்து விளாவிக்கொள்ளுங்கள்.

எலக்ட்ரிக் ஸ்கூட்டர் இருந்தால் ஒரு வார்த்தை. மாடிப்படிக்கு அடியிலோ வாசலை அடைத்தோ நிறுத்தி இரவெல்லாம் சார்ஜ் போடாதீர்கள். பேட்டரி பற்றிக்கொண்டால் மேல் வீட்டுக்காரர்கள் இறங்க இருக்கும் ஒரே வழி அதுதான்.

இனி பில்.

உங்கள் போர்ஷனுக்குத் தனி ஈ.பி. மீட்டரா, வீட்டுக்காரர் வைத்த சப் மீட்டரா? இதுதான் முதல் கேள்வி. ஒரே சர்வீஸில், அதாவது ஒரே ஈ.பி. இணைப்பில், மூன்று போர்ஷன் ஓடினால் எல்லோருடைய யூனிட்டும் சேர்ந்து மேல் விலைக்குப் போகும், இலவச யூனிட்டும் உங்கள் கைக்கு வராது. இரண்டு மாதக் கணக்கில் 500 யூனிட் என்பது ஒரு கோடு. அதைத் தாண்டினால் தாண்டிய யூனிட்டுக்கு மட்டுமல்ல, கீழே உள்ள சில யூனிட்டுக்கும் விலை மாறும். தனி சர்வீஸ் இருந்தால் மாதம் முதல் தேதி மீட்டரில் உள்ள எண்ணைக் கிழிக்கும் காலண்டரின் அட்டையில் எழுதி வையுங்கள். முதல் மாதமே 260 வந்துவிட்டதென்றால் அடுத்த மாதம் கையைக் கட்ட வேண்டும் என்று தெரிந்துவிடும். பில் வந்த பிறகு வருத்தப்பட்டு ஒன்றும் ஆகாது.

ஒரு சோதனை செய்யுங்கள், காசு செலவில்லை. வீட்டில் எல்லா ஸ்விட்சையும் அணையுங்கள், பிரிட்ஜ் பிளக்கையும் எடுங்கள். இப்போது மீட்டரில் சிமிட்டும் சின்ன சிவப்பு விளக்கைப் பத்து நிமிடம் பாருங்கள். அது சிமிட்டிக்கொண்டே இருந்தால் எங்கேயோ ஒழுகுகிறது, அல்லது படிக்கட்டு லைட்டோ மோட்டாரோ பக்கத்துப் போர்ஷனோ உங்கள் மீட்டரில் மாட்டியிருக்கிறது. நான் இப்படிக் கண்டுபிடித்த வீடுகள் ஒன்றிரண்டு இல்லை.

எது கரண்டைத் தின்கிறது என்பதில் நம் மக்களுக்குத் தவறான கணக்கு இருக்கிறது. "போன் சார்ஜரைப் பிடுங்கு" என்று பிள்ளைகளைத் திட்டுவார்கள். ஒரு போனைத் தினமும் முழுசாக சார்ஜ் செய்தால் இரண்டு மாதத்துக்கும் சேர்த்து ஒரு யூனிட் சுமார்தான் ஆகும். டிவியை ரிமோட்டில் அணைத்துவிட்டு செட்டாப் பாக்ஸை அப்படியே விட்டால், அது 10 வாட் இழுத்தாலும் 60 நாளில் 14 யூனிட். ராத்திரி போர்டு ஸ்விட்சை அணையுங்கள், மீட்டர் காட்டும்.

பெரிய ஆள் ஃபேன். சென்னையில் ஃபேன் நிற்கும் நேரம் குறைவு. பழைய ஃபேன் 75 வாட் என்று வைத்துக்கொள்வோம். ஒரு நாளைக்கு 16 மணி நேரம் ஓடினால் 1.2 யூனிட், இரண்டு மாதத்தில் 72 யூனிட். பி.எல்.டி.சி. என்கிற புது வகை ஃபேன் 30 வாட்டில் அதே காற்றைத் தரும், இரண்டு மாதத்துக்கு 29 யூனிட்டுக்குள். ஒரு ஃபேனுக்கு 43 யூனிட், இரண்டு ஃபேனுக்கு 86 யூனிட் மிச்சம். 500 கோட்டைத் தொட்டுக்கொண்டிருக்கும் வீட்டில் இந்த 86 யூனிட் பெரிய விஷயம். விலை மூவாயிரம் பக்கம் இருக்கும், அதிகம் ஓடும் ஒரு ஃபேனை மட்டும் முதலில் மாற்றுங்கள், காலி பண்ணும்போது உங்கள் சொத்தாகக் கூடவே வரும். மாட்டும்போது பழைய ரெகுலேட்டரை லைனிலிருந்து எடுத்துவிடச் சொல்லுங்கள், அதன் வழியாக ஓட்டினால் ஃபேனுக்குள் இருக்கும் போர்டு கெடும். இப்போதைக்கு வாங்க முடியாது என்றால் றெக்கையையாவது மாதம் ஒரு முறை துடையுங்கள். பெட்டி மாதிரி பெரிய பழைய ரெகுலேட்டர் இருந்தால் அதை எலக்ட்ரானிக் ரெகுலேட்டராக மாற்றினாலும் போதும். பெட்டி ரெகுலேட்டரில் வேகத்தைக் குறைத்தால் மிச்சமாகிற கரண்டில் ஒரு பங்கு அந்தப் பெட்டியிலேயே சூடாகப் போய்விடும்.

பிரிட்ஜ் கதவில் ஒரு தாளை வைத்து மூடி இழுத்துப் பாருங்கள். சுலபமாக உருவி வந்தால் ரப்பர் போய்விட்டது, இரவும் பகலும் குளிர் கசிகிறது. ரப்பர் மட்டும் மாற்றலாம். சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள். அழகுக்குப் போட்டிருக்கும் துணி உறை பின்பக்கமும் பக்கவாட்டும் தொங்கினால் எடுத்துவிடுங்கள், பிரிட்ஜ் உள்ளிருந்து எடுக்கும் சூடு வெளியே போகத்தான் அவ்வளவு பாடு. ஏ.சி. இருந்தால் 26-ல் வைத்து ஃபேனை மெதுவாக ஓட விடுங்கள், குழந்தைக்கும் அது போதும். டியூப்லைட் இன்னும் பழைய சோக் வகை என்றால் எல்.இ.டி. மாற்றுங்கள், அவ்வளவுதான் லைட்டில் இருக்கும் விஷயம்.

மோட்டாரை மறந்துவிடாதீர்கள். ஒரு எச்.பி. மோட்டார் தொட்டி நிறைந்த பிறகும் தினமும் இருபது நிமிடம் ஓடினால் இரண்டு மாதத்தில் 15 யூனிட் வீண். கூடவே நல்ல தண்ணீர் சாக்கடைக்குப் போகிறது. நமக்குக் குழாயில் வரும் தண்ணீர் மலிவாகக் கிடைத்தது இல்லை. மீஞ்சூர் பக்கம் காட்டுப்பள்ளியில் 2010-லிருந்து ஓடும் ஆலை கடல் தண்ணீரைக் கரண்ட் செலவழித்துத்தான் குடிநீராக்குகிறது, வடசென்னைக்கு வரும் தண்ணீரில் அதற்கும் பங்குண்டு. 2019 கோடையில் புழல் ஏரி தரை தெரிய வற்றிக் கிடந்ததையும், குடம் வரிசை தெருமுனையைத் தாண்டிப் போனதையும் பார்த்தவர்கள் யாரும் தொட்டி வழிவதைப் பார்த்துக்கொண்டு நிற்க மாட்டார்கள். தொட்டி நிறைந்தால் கத்தும் அலாரம் சில நூறு ரூபாய். மூன்று போர்ஷனும் சேர்ந்து வாங்கிப் போடுங்கள்.

அடுப்பங்கரைக்கு வருவோம். இதில் என் வீட்டம்மாவுக்குத்தான் அறிவு அதிகம், அவள் சொல்லச் சொல்ல எழுதுகிறேன்.

பருப்பையும் சுண்டலையும் ஊற வைக்காமல் நேராகக் குக்கரில் போடுவதுதான் கேஸுக்கு முதல் எமன். பருப்பு அரை மணி நேரம், அரிசி அரை மணி நேரம், கடலை வகைகள் ராத்திரியே. பிரிட்ஜிலிருந்து எடுத்த குழம்பை அப்படியே அடுப்பில் ஏற்றாமல் கொஞ்சம் முன்னாலேயே வெளியே வைக்க வேண்டும். கொதி வந்துவிட்டால் தீயைக் குறைக்க வேண்டும், பெரிய தீயில் கொதிக்கும் தண்ணீரும் சிறிய தீயில் கொதிக்கும் தண்ணீரும் ஒரே சூடுதான், மிச்சத் தீ பாத்திரத்துக்கு வெளியே ஏறிப் போகிறது. மூடி போடுங்கள். குக்கரில் அடுக்குப் பாத்திரம் வைத்து சோறு, பருப்பு, உருளைக்கிழங்கு மூன்றையும் ஒரே தடவையில் முடியுங்கள். தீ நீலமாக இல்லாமல் மஞ்சளாக எரிந்தால் பர்னர் ஓட்டை அடைத்திருக்கிறது, ஊசியால் குத்திச் சுத்தம் செய்யுங்கள். பாத்திர அடி கரியாவதும் நிற்கும். இன்னொன்று, பழைய சோறு. ராத்திரி மீந்த சோற்றில் தண்ணீர் ஊற்றி வைத்து, காலையில் மோர், சின்ன வெங்காயம், முதல் நாள் வறுத்த கருவாடு. அடுப்பே மூட்ட வேண்டாம், சோறும் குப்பைக்குப் போகாது, வெயில் நாளில் வயிறும் குளிரும். இதையெல்லாம் ஏழை வீட்டுச் சாப்பாடு என்று ஒதுக்கியதில் நாம் இழந்ததுதான் அதிகம்.

சிலிண்டர் வரும்போது மூன்று வேலை. எடை போட்டுக் காட்டச் சொல்லுங்கள்: காலி எடை சிலிண்டரிலேயே எழுதியிருக்கும், அதோடு 14.2 கிலோ சேர்ந்தால் சரி. கைப்பிடி வளையத்துக்குக் கீழ் நிற்கும் பட்டையின் உள்பக்கம் ஏ, பி, சி, டி என்று ஓர் எழுத்தும் ஆண்டும் இருக்கும். ஏ-27 என்றால் 2027 மார்ச் வரை, பி என்றால் ஜூன், சி என்றால் செப்டம்பர், டி என்றால் டிசம்பர். அந்தத் தேதி தாண்டிய சிலிண்டரைத் திருப்பி அனுப்புங்கள். மாட்டிய பிறகு சோப்பு நுரையைச் சிலிண்டர் வாயிலும் டியூபிலும் தடவிப் பாருங்கள், குமிழி வந்தால் கசிவு. தீக்குச்சியைக் கிட்டே கொண்டுபோய்ப் பார்ப்பதை யார் செய்தாலும் தடுங்கள். டியூப் ஐந்து வருடத்துக்கு ஒரு முறை மாற்ற வேண்டும், அதன் மேலேயே ஆண்டு அச்சிட்டிருக்கும். வெடிப்பு விட்ட டியூபை இன்சுலேஷன் டேப் சுற்றி ஓட்டுவது நான் பார்த்ததிலேயே கொடுமையான சிக்கனம்.

கேஸ் காற்றைவிடக் கனம். கசிந்தால் மேலே போகாது, தண்ணீர் மாதிரி தரையில் படுத்துக்கொள்ளும். தரைத்தள வீட்டில் குழந்தை விளையாடுவதும் அங்கேதான். வாடை வந்தால் எந்த ஸ்விட்சையும் போடவும் கூடாது, அணைக்கவும் கூடாது, இரண்டிலும் பொறி உண்டு. அடுப்பையும் ரெகுலேட்டரையும் மூடுங்கள், கதவு ஜன்னலைத் திறங்கள், குழந்தையைத் தூக்கிக்கொண்டு வெளியே போங்கள், போனை வெளியே போன பிறகு எடுங்கள். சின்ன வீடுகளில் இடமில்லாமல் பிரிட்ஜைச் சிலிண்டருக்குப் பக்கத்திலேயே வைத்திருப்போம். பிரிட்ஜ் தானாக ஓடும், தானாக நிற்கும், ஒவ்வொரு முறையும் உள்ளே ஒரு பொறி. முடிந்தால் அதை ஹாலுக்கு மாற்றுங்கள். மாற்ற முடியாவிட்டால் ராத்திரி ரெகுலேட்டரை மூடாமல் படுக்காதீர்கள்.

தண்ணீர் பிடித்து வைக்கும் விஷயத்தில் உங்களுக்கு இரண்டு பயம் இருக்க வேண்டும். ஒன்று, குழந்தை. ஒன்றரை வயதுப் பிள்ளைக்குத் தலை கனம், கால் பலம் குறைவு. பாதி நிறைந்த பக்கெட்டில் எட்டிப் பார்த்துத் தலைகீழாக விழுந்தால் எழ முடியாது, சத்தமும் வராது. குளியலறைக் கதவுக்கு வெளிப்பக்கம் உயரத்தில் ஒரு தாழ்ப்பாள், டிரம்முக்கு இறுக்கமான மூடி, பயன்படுத்தாத பக்கெட் கவிழ்த்து. தரைத்தொட்டி மூடி கழன்று கிடந்தால் அன்றே வீட்டுக்காரரைக் கூப்பிடுங்கள். தொட்டியைக் கழுவ யாரையும் தனியாக உள்ளே இறக்காதீர்கள், மூடிக் கிடந்த தொட்டிக்குள் மூச்சு விடக் காற்று இருக்காது.

இன்னொன்று டெங்கு கொசு. அது சாக்கடையில் முட்டையிடுவதில்லை, நாம் பத்திரமாக நல்ல தண்ணீர் பிடித்து வைத்த பாத்திரத்தில்தான் இடும், பகலில் கடிக்கும். முட்டை கொசுவாக ஒரு வாரம் பத்து நாள் போதும். முட்டையை அது தண்ணீருக்குள் போடாது, தண்ணீர் மட்டத்துக்கு மேலே டிரம்மின் உள்சுவரில் ஒட்டும். காய்ந்தாலும் மாதக்கணக்கில் உயிரோடு இருந்து அடுத்த முறை தண்ணீர் பட்டதும் பொரிக்கும். எனவே தண்ணீரை மாற்றினால் மட்டும் போதாது. வாரம் ஒரு நாள், தேங்காய் நார் போட்டு உள்சுவரை அழுத்தித் தேய்க்க வேண்டும். பிரிட்ஜ் பின்னால் தண்ணீர் சேரும் தட்டையும் சேர்த்து. மூடிய அறையில் சுருள் கொளுத்திக் குழந்தையைப் புகையில் தூங்க வைப்பதைவிட ஒரு கொசுவலை வாங்கிக் கட்டுங்கள், வருடக்கணக்கில் வரும்.

குடிக்கும் தண்ணீருக்கு ஆர்.ஓ. மெஷின் வாங்கலாமா என்று யோசிப்பீர்கள். அதற்கு முன் தண்ணீரில் கரைந்த உப்பை அளக்கும் டி.டி.எஸ். மீட்டர் சில நூறு ரூபாய்க்கு வாங்கி, அல்லது அக்கம்பக்கம் கடன் வாங்கி, மெட்ரோ வாட்டரை அளந்து பாருங்கள். 500-க்குள் இருந்தால் ஆர்.ஓ. தேவையில்லை. ஒரு லிட்டர் தர இரண்டு மூன்று லிட்டரைக் கழிவாகக் கொட்டும் மெஷின் அது. போர் தண்ணீர் உப்பாக இருந்து ஆர்.ஓ. வைத்தே ஆக வேண்டுமென்றால் கழிவுக் குழாயை ஒரு குடத்தில் விட்டுப் பாத்திரம் கழுவ, வீடு துடைக்க வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் டி.டி.எஸ். காட்டுவது உப்பை மட்டும்தான், கிருமியை அல்ல. பழைய குழாய் ஓடும் தெருக்களில் சாக்கடை கலப்பது நமக்குப் புதிதில்லை. குழந்தைக்குக் கொடுக்கும் தண்ணீரைத் தளதளவென்று கொதிக்க வைத்தே கொடுங்கள். இந்த இடத்தில் கேஸைப் பார்க்க வேண்டாம்.

சைக்கிளில் "ஆசிட், பினாயில், பிளீச்சிங் பவுடர்" என்று கூவிக்கொண்டு வருவார்கள். ஆசிட்டைத் தண்ணீர் பாட்டிலிலோ கூல்டிரிங்க்ஸ் பாட்டிலிலோ ஊற்றித் தருவார்கள். அந்தப் பாட்டில் உங்கள் வீட்டுக்குள் வரவே கூடாது. குழந்தைக்கும் தெரியாது, இருட்டில் எழுந்து வரும் மாமியாருக்கும் தெரியாது. டாய்லெட்டுக்கு முதல் நாள் ராத்திரி சோடா உப்பைத் தூவி, காலையில் பிரஷ் போட்டுத் தேய்த்தாலே பாதிக் கறை போகும். பித்தளைக்குப் புளி இருக்கிறது. பிளீச்சிங் பவுடரையும் ஆசிட்டையும் ஒரே நேரத்தில் ஊற்றினால் குளோரின் வாயு கிளம்பும், சின்னக் குளியலறைக்குள் அது உயிருக்கே ஆபத்து. தப்பித் தவறிக் குழந்தை எதையாவது குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள், உள்ளே போகும்போது சுட்டது வெளியே வரும்போதும் சுடும். பாட்டிலையும் கையில் எடுத்துக்கொண்டு உடனே ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

குப்பை. கொடுங்கையூர் மேடு உயர்ந்தது நம் வீட்டு வாளிகளால்தான், அதன் புகையைக் கோடையில் குடிப்பதும் நாம்தான். காய்ந்த பிளாஸ்டிக் நாறாது. நாற்றம் ஈரக் குப்பையினுடையது. அது மேட்டுக்குள் காற்றில்லாமல் அழுகி மீத்தேன் ஆகிறது, அதனால்தான் அங்கே பிடிக்கும் தீ அணைவேனா என்கிறது. எனவே நீங்கள் ஒன்றே ஒன்று செய்ய முடியும் என்றால் ஈரக் குப்பையைப் பிரியுங்கள். பச்சை வாளி ஈரத்துக்கு, நீல வாளி காய்ந்ததுக்கு. கூடையில் போட்டபின் பிரிப்பது நரகம், போடும்போதே பிரிப்பது பழக்கம், ஒரு வாரத்தில் வந்துவிடும்.

தரைத்தளத்தில் ஒரு முழ இடம் இருந்தால் இரண்டு பழைய மண்தொட்டி போதும். அடியில் தேங்காய் நார், மேலே காய்கறித் தோல், அதன் மேல் காய்ந்த இலை அல்லது நார்த்தூள், கொஞ்சம் புளித்த மோர். ஒரு கை ஈரத்துக்கு ஒரு கை காய்ந்தது. நாறினால் ஈரம் அதிகம் என்று அர்த்தம், இன்னும் நார்த்தூள் போட்டுக் கிளறுங்கள். சமைத்த சோறு, எண்ணெய், எலும்பு இதில் வேண்டாம், எலி வரும். ஒரு தொட்டி நிறைந்தால் மூடி வைத்துவிட்டு அடுத்ததில் போடுங்கள். மூன்று மாதத்தில் மண் வாசனையோடு எரு. காசிமேட்டு மீன் வாங்கும் வீடாக இருந்தால் செவுளும் குடலும்தான் பெரிய தலைவலி. அதை அதே எடை வெல்லத்தோடு கலந்து, இறுக்கமான டப்பாவில், குழந்தைக்கு எட்டாமல் 40 நாள் வையுங்கள், மீன் அமிலம் தயார். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி கலந்து ஊற்றினால் கறிவேப்பிலைச் செடி தளதளவென்று வரும். வெல்லம் போடாமல் விட்டால் அழுகி நாறும், அதில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம்.

காய்ந்ததைக் கழுவிச் சேர்த்தால் பால் பாக்கெட், பேப்பர், அட்டை, பாட்டில் எல்லாம் பழைய பேப்பர் கடையில் காசு. பெரிய தொகை இல்லை, ஆனால் மேட்டுக்குப் போகாது. குழந்தைக்குப் பகலில் பழைய பருத்தி வேட்டியைக் கிழித்துக் கட்டுங்கள், டயப்பர் ராத்திரிக்கும் வெளியே போகவும் மட்டும். பயன்படுத்தியதைப் பேப்பரில் சுற்றிச் சிவப்புப் பேனாவால் ஒரு கோடு போட்டுத் தனியாகக் கொடுங்கள், அதை வெறுங்கையால் பிரிப்பது தூய்மைப் பணியாளர் அக்காதான். பழைய போன் பேட்டரி, பவர் பேங்க் இவற்றை எந்த வாளியிலும் போடாதீர்கள், லாரியில் நசுங்கினாலே தீப்பிடிக்கும். போகி அன்று டயரும் பிளாஸ்டிக்கும் கொளுத்துவதில் உங்கள் வீட்டுப் பங்கு இருக்க வேண்டாம்.

கடைசியாக மழை. கணேசபுரம் சுரங்கப்பாதையில் தண்ணீர் நிற்கிறது என்றால் அடுத்து நம் தெரு என்று உங்களுக்கே தெரிந்திருக்கும். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் தரைத்தள வீடுகளில் சாக்கெட் உயரத்துக்குத் தண்ணீர் ஏறியதைப் பார்த்தேன். வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்குவதற்குள் பிரிட்ஜை உயர ஸ்டாண்டில் ஏற்றுங்கள். கீழே இருக்கும் சாக்கெட்டுகளை நெஞ்சு உயரத்துக்கு மாற்றித் தரும்படி வீட்டுக்காரரிடம் கேளுங்கள், அது அவர் வீட்டுக்கும் நல்லது. வாசலுக்குள் தண்ணீர் நுழைந்ததும் மெயினை அணையுங்கள், கால் நனைந்த பிறகு போர்டைத் தொட வேண்டாம். சிலிண்டரிலிருந்து ரெகுலேட்டரைக் கழற்றி மூடியைப் போட்டு, மிதந்து போகாமல் ஜன்னல் கம்பியில் கட்டுங்கள். ஆதார், ரேஷன் கார்டு, குழந்தையின் தடுப்பூசி அட்டை எல்லாம் ஒரே பிளாஸ்டிக் உறையில், பரணில். தண்ணீர் வடிந்ததும் "லைட் எரியுதா பார்ப்போம்" என்று போட்டுப் பார்க்கவே கூடாது. போர்டுகளைத் திறந்து, காய விட்டு, எலக்ட்ரீஷியன் பார்த்த பிறகுதான்.

எண்ணூர், மணலி ஆலைகள் பக்கத்திலிருக்கும் நமக்கு இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். 2023 டிசம்பர் 26 இரவு எண்ணூர் பெரியகுப்பம் அருகே கடலடிக் குழாயில் அமோனியா கசிந்தபோது மக்கள் தூக்கத்திலிருந்து எழுந்து ஓடினார்கள். மூச்சை அடைக்கும் வாடை வந்தால் நனைத்த துணியை மூக்கில் கட்டி, காற்று அடிக்கும் திசைக்குக் குறுக்கே நடங்கள். காற்றோடு ஓடினால் வாயுவும் கூடவே வரும்.

இந்த எண்களைப் பெரிய எழுத்தில் எழுதி, வாசல் கதவின் உள்பக்கம், மாமியார் கண்ணுக்கு எட்டும் உயரத்தில் ஒட்டுங்கள். கேஸ் கசிவுக்கு 1906. ஆம்புலன்ஸ் 108. தீயணைப்பு 101. கரண்ட் புகாருக்கு மின்னகம் 94987 94987. குப்பை, தேங்கிய தண்ணீர், கொசுவுக்கு மாநகராட்சியின் 1913. கீழே உங்கள் எலக்ட்ரீஷியன் எண்ணையும், பக்கத்து வீட்டில் எப்போதும் வீட்டிலேயே இருக்கும் ஒருவர் எண்ணையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.